நான்காவது பெட்டி, மூன்றாவது சக்கரம்

பெங்களூர்
4.8.1987

தீர்த்தரூபரான அண்ணனுக்கு, மங்களா வணங்கி எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது, ஊசி எத்தனை பாக்கி, வைனியும் உங்கள் குழந்தை ரத்னியும் எப்படி இருக்கிறார்கள் என்று விவரமாக எழுதவும்.

முதலில் சண்டையைப் போட்டுவிடுகிறேன். நாகபஞ்சமிக்கு நீங்கள் வந்து ஊருக்கு அழைத்துப்போவீர்கள் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு விடுதி வாசலில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். அப்பாவும் பெற்ற அவ்வாவும் போன பிறகு எந்தப் பஞ்சமிக்கும் நீங்கள் என்னை அழைக்காமல் விட்டதில்லை. கூட இருக்கும் பெண்கள் எல்லாரும் அவரவர் அண்ணனோடு போய் ஊஞ்சல் ஆடிவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டார்கள். லீவு இல்லையென்றால் ஒரு கார்டாவது போட்டிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சினிமாக் கல்லூரியில் கடைசி வருஷப் படம் முடிவாகிவிட்டது. ஐம்புலன்களைப் பற்றி முப்பத்தைந்து நிமிஷ ஆவணப்படம். நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு புலன். சீட்டுப் போட்டு எடுத்தோம். எனக்குச் செவி வந்தது. சீட்டைப் பிரித்தவுடன் உங்கள் முகம்தான் கண் முன்னால் வந்தது. ஸ்டேஷனில் நின்ற ரயில் வண்டியின் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, அது மணி மாதிரி நீளமாக ஒலித்தால் நல்லது, மண்சட்டி மாதிரி 'டொக்'கென்று செத்துப்போனால் விரிசல் அல்லது பட்டை தளர்ச்சி என்று சொல்கிற ஆள் என் அண்ணன் என்றேன். எங்கள் ஒலிப்பதிவுக்காரன் ஃபெலிக்ஸ், மங்களூர்ப் பையன், நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். நாங்கள் வரலாமா? ரயில்வே அனுமதியைக் கல்லூரியே கேட்டு வாங்கும்.

வைனிக்கு நமஸ்காரம். ரத்னிக்கு முத்தம்.

தங்கள் தங்கை
மங்களா


ஹிரேகட்டி ஜங்ஷன்
26.8.1987

சிரஞ்சீவி மங்களாவுக்கு, அண்ணன் ருத்ரப்பா ஆசீர்வதித்து எழுதுவது. தேவர் கருணையால் இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல், வேறு சாக்குச் சொல்லப்போவதில்லை. ஊசி அறுபதும் முடிந்துவிட்டன. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்து, காசம் சுத்தமாகப் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருமல் இல்லை. எழுந்து நிற்கும்போது சில சமயம் தலை சுற்றுகிறது. ஊசியின் சூடு, போகப்போகச் சரியாகும் என்றார்கள்.

பஞ்சமிக்கு வராதது தப்புத்தான். பெங்களூர் மாதிரி அவ்வளவு பெரிய ஸ்டேஷனில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் கத்துவது ஒரு எழவும் புரிவதில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம். உனக்காக உன் வைனி கங்கவ்வா பிடித்து வைத்த எள்ளுருண்டையை எறும்பு தின்றது.

படத்துக்கு நான் வேண்டாம். ஹுசேன் சாபைப் பிடி. வண்டியின் அந்தப் பக்கம் தட்டுகிறவர் அவர்தான், தாடியும் பார்க்க லட்சணமாக இருக்கும். எனக்கு இப்போதெல்லாம் சீக்கிரம் கோபம் வருகிறது. ஊரில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டார்கள். கங்கவ்வா முந்தானைக்குள் பேசுகிறாள். எங்கள் பரிசோதகர் பாட்டீல் சாஹேப் ஒரு உத்தரவு போட்டால் இரண்டு தரம் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த லட்சணத்தில் உன் ஆட்கள் வேறு வந்து இப்படி நில், அப்படி நில் என்றால் சுத்தியல் சக்கரத்தில் விழாது.

ஒழுங்காகப் படி.

அண்ணன்
ருத்ரப்பா


பெங்களூர்
2.9.1987

தீர்த்தரூபரான அண்ணனுக்கு வணக்கம். காசம் போன செய்தியைப் படித்ததும் தெருமுனைக் கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை.

ஹுசேன் சாப் நல்லவர்தான். ஆனால் எனக்கு நீங்கள் வேண்டும். என்னைப் படிக்க வைத்தவர் இந்தக் காதால்தான் படிக்க வைத்தார் என்று நாலு பேருக்குக் காட்ட வேண்டும். ஒரே ஒரு காலை வண்டி போதும், அண்ணா. எப்படி நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நீங்கள் பாட்டுக்கு வேலையைச் செய்யுங்கள், நாங்கள் பின்னாலேயே வருகிறோம்.

மறுத்தால் நானே வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவேன். உடம்பு பத்திரம்.

தங்கை
மங்களா


ஹிரேகட்டி
11.9.1987

மங்களாவுக்கு உன் வைனி கங்கவ்வா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பொறுத்துக்கொள்.

படம் பிடிக்க வராதே அம்மா. உன் அண்ணனுக்கு அந்த ஊசி ஆரம்பித்த மூன்றாம் மாசத்திலிருந்து காது சரியில்லை. எப்போதும் உள்ளே வண்டி இரைகிற மாதிரி இருக்கிறதாம், ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் கேட்டால் கத்துகிறார். பால் சுண்டித் தீய்ந்து நான் அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறார். ரத்னி பின்னால் நின்று அப்பா அப்பா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு என் மேல் கோபமா என்று என்னிடம் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

டாக்டரிடம் போங்கள் என்றேன். போனால் எழுதிவிடுவார், எழுதினால் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு ஃபைல் தூக்க விடுவார்கள் என்கிறார். 'காது எதுக்குடி, பழகினவனுக்குக் கைப்பிடியிலயே தெரியும், நல்ல சக்கரம்னா சுத்தி துள்ளும்' என்கிறார். தெரியுமோ என்னமோ. தினமும் அவர் வேலைக்குப் போன பிறகு, வண்டி தாண்டிப் போகிறவரை வாசலிலேயே நிற்கிறேன். வண்டி நிறைய ஜனம் அல்லவா போகிறது?

நான் எழுதினேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். இதைக் கிழித்துப் போடு.

கங்கவ்வா


ஹிரேகட்டி ஜங்ஷன்
19.9.1987

சிரஞ்சீவி மங்களாவுக்கு ஆசீர்வாதம். இங்கே க்ஷேமம். மழை பிந்திப் பெய்கிறது, சோளத்துக்கு நல்லது என்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தேன். நீ வா. தசராவுக்கே வந்துவிடு, வன்னி இலை கொடுத்துப் பண்டிகையும் கொண்டாடினாற்போல இருக்கும். பண்டிகை முடிந்து திங்கட்கிழமை காலை வண்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டீல் சாஹேபிடம் நானே சொல்லிவிட்டேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து குறுக்கே நிற்கப்போகிறார், அதையும் வெட்டாமல் வைத்துக்கொள்.

ஒரு சந்தேகம். உங்கள் ஒலிப்பதிவு இயந்திரம் எல்லாச் சத்தத்தையும் பிடிக்குமா? பக்கத்தில் நிற்கிற மனுஷனுக்குக் கேட்காததையும் பிடிக்குமா? அப்படியானால் நல்ல இயந்திரமாகவே கொண்டு வா.

அண்ணன்
ருத்ரப்பா


பெங்களூர்
12.10.1987

தீர்த்தரூபரான அண்ணனுக்கு மங்களாவின் நமஸ்காரம். ஐந்து பேரும் சுகமாக வந்து சேர்ந்தோம். வைனி கட்டிக்கொடுத்த சோள ரொட்டியும் கடலைச் சட்னியும் பாதி வழிகூட வரவில்லை. ஃபெலிக்ஸ் மட்டும் எட்டு ரொட்டி தின்றான், மீன் இல்லாமலே.

ஃபிலிமைக் கழுவிப் போட்டுப் பார்த்தாயிற்று. நீங்கள் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற அந்த ஷாட்டை எங்கள் வாத்தியார் மறுபடி ஓட்டச் சொன்னார். அவர் மறுபடி கேட்டால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சக்கரத்தின் அச்சுப் பெட்டிச் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறீர்களே, அதைத் 'தொடுகை' பகுதிக்குக் கொடு என்று அந்தச் சீட்டு விழுந்த ஜெயந்த் கெஞ்சுகிறான். தரமாட்டேன் என்றுவிட்டேன்.

ஒரு இடத்தில் ரத்னி பின்னாலிருந்து கூப்பிட்டாள், நீங்கள் திரும்பவில்லை. வேலை என்று வந்துவிட்டால் அண்ணனுக்கு அவ்வளவு கவனம் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒலியைச் சேர்க்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
மங்களா


ஹிரேகட்டி ஜங்ஷன்
18.10.1987

சிரஞ்சீவி மங்களாவுக்கு ஆசீர்வாதம். சௌக்கியம், சௌக்கியத்துக்கு எழுதவும்.

படத்தைப் பற்றி எழுதியிருந்தாய். சந்தோஷம். எனக்கு வேண்டியது வேறு. அன்றைக்குப் பத்துப் பெட்டி. பெட்டிக்கு நாலு வீதம் என் பக்கம் நாற்பது சக்கரம். நாற்பதையும் தட்டினேன், நாற்பதுக்கும் நல்லது என்று சுண்ணக்கோடு போட்டேன். உன் நாடாவில் நாற்பதும் இருக்குமல்லவா? உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, எப்படி இருந்தது என்று எனக்கு எழுது. உன் காதுக்குச் சந்தேகம் என்று பட்டதையும் எழுது. அவசரம் இல்லை என்று நினைத்துவிடாதே.

அண்ணன்
ருத்ரப்பா


பெங்களூர்
9.11.1987

தீர்த்தரூபரான அண்ணனுக்கு வணக்கம். தீபாவளி நல்லபடியாக நடந்திருக்கும். ரத்னி மத்தாப்புக் கொளுத்தினாளா? பதில் பிந்திவிட்டது, வேலை நெருக்கடி, மன்னிக்கவும். நான் சுகம்.

நீங்கள் சொன்னபடி நாற்பதையும் கேட்டேன். அருமையாக இருக்கின்றன. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒலி கொஞ்சம் அமுங்கியிருந்தது. ஃபெலிக்ஸின் சட்டை மைக்கில் உரசியிருக்கும், வேறொன்றும் இருக்காது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, வேறொரு சக்கரத்தின் நல்ல ஒலியை அந்த இடத்தில் ஒட்டிவிட்டேன். சினிமாப் பாட்டுக்கு உதட்டசைவு மாதிரிதான் இதுவும், சுத்தியல் படுகிற நொடியோடு ஒலியும் பொருந்த வேண்டும். இரண்டு நாள் வேலை வாங்கிவிட்டது. இப்போது எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் ஒட்டுத் தெரியாது. படத்தில் நாற்பது சக்கரமும் மணி மணியாக ஒலிக்கின்றன.

நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம், அண்ணா. யாருக்கும் தெரியாது.

வைனியிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கை
மங்களா


தந்தி
ஹிரேகட்டி, 14.11.1987, காலை 9.10

எந்தப் பெட்டி எந்தச் சக்கரம் பெட்டியின் எண் என்ன உடனே தந்தி கொடு — ருத்ரப்பா


தந்தி
பெங்களூர், 14.11.1987, பகல் 11.40

எஞ்சினிலிருந்து நான்காவது பெட்டி மூன்றாவது சக்கரம் பெட்டி எண் 3168 மன்னியுங்கள் — மங்களா


ஹிரேகட்டி
29.11.1987

சிரஞ்சீவி மங்களாவுக்கு அண்ணன் எழுதுவது. உயிரோடு இருக்கிறோம், எல்லாரும். நீயும் சுகமாக இரு.

இரண்டு வாரமாக உனக்கு எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பதும், எடுத்தால் கோபம் வருவதால் வைத்துவிடுவதுமாக இருந்தேன். இன்றைக்கும் கோபம் போகவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

உன் தந்தியைக் கொண்டுபோய்ப் பாட்டீல் சாஹேபின் மேஜைமேல் வைத்தேன். அன்றைக்கு வண்டி தாமதமாக வந்ததால் அந்நேரம் இரண்டு ஸ்டேஷன்தான் தாண்டிப் போயிருந்தது. அவர் டெலிபோனை எடுத்துக் கண்ட்ரோலைக் கூப்பிட்டார். வண்டியை நிறுத்தி, அந்தப் பெட்டி ஜனங்களை மூட்டை முடிச்சோடு இறக்கி மற்றப் பெட்டிகளில் அடைத்து, 3168-ஐக் கழற்றிப் பக்கத்துத் தண்டவாளத்தில் தள்ளினார்கள். டிராலியில் நானும் ஹுசேன் சாபும் சாஹேபும் போனோம்.

சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டையைச் சூடாக்கி இறுக்கி ஏற்றியிருப்பார்கள். பட்டைக்கும் சக்கரத்துக்கும் குறுக்கே வெள்ளையாக ஒரே கோடு போட்டிருக்கும். பட்டை நகர்ந்தால் கோடு இரண்டாக விலகும். எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்ததால் மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கழிவுப் பஞ்சால் துடைத்தேன். இரண்டு விரற்கடை விலகியிருந்தது. ஹுசேன் சாப் 'அல்லா' என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் வாய்தான் தெரிந்தது.

பாட்டீல் சாஹேப், "இது உனக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியல சாஹேப். என் தங்கச்சி நாடாவுல கேட்டிருக்கா. எனக்கு ஆறு மாசமா காது கேக்கல" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு திட்டினார். என்ன திட்டினார் என்று ஹுசேன் சாபைக் கேட்டேன், சொல்லமாட்டேன் என்றுவிட்டார்.

அந்த வண்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள் இங்கே வருகிறது. நீ படம் பிடித்ததிலிருந்து நாற்பது நாள். இருபது முறை நானே அந்தச் சக்கரத்தைத் தட்டி, இருபது முறையும் நல்லது என்று கோடு போட்டிருக்கிறேன். கைப்பிடியில் தெரியும் என்று பெருமை பேசினேனே, ஒரு மண்ணும் தெரியவில்லை. நான்காவது பெட்டியில்தான் பள்ளிக்கூட டீச்சர்கள் ஏறுவார்கள். ஏறும்போதெல்லாம் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அவர்கள் முகம் ஞாபகம் வந்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

கங்கவ்வா உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். டிரங்குப் பெட்டியில் இன்லண்டு லெட்டர் ஒன்று குறைந்திருந்தது. அவள் எழுதிய பிறகும் நீ வரவில்லை என்று எனக்கு எழுதவில்லை. சரி, தங்கைக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தும் வரப்போகிறாள் என்றால் நல்லதுதான் என்று நினைத்தேன். டாக்டரிடம் போக எனக்குத் தைரியம் இல்லை, மங்களா. இயந்திரம் பொய் சொல்லாது, அது கேட்கும், நீ எனக்குச் சொல்வாய், அதை வைத்துக்கொண்டு நானே போய்ச் சாஹேபிடம் சொல்லிவிடுவேன் என்று கணக்குப் போட்டேன். கோழைதான் இப்படிக் கணக்குப் போடுவான். அதனால் குற்றம் முழுக்க என்னுடையது. விசாரணையிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் நீ கேட்டாய். எனக்குத்தான் காது இல்லை, உனக்கு இருக்கிறது. கேட்டுவிட்டு, உட்கார்ந்து இரண்டு நாள் அதைப் படத்தில் சரி செய்தாய். சக்கரத்தை யாரம்மா சரி செய்வது?

பெரிய ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள். இரண்டும் போயாயிற்று, இனி வராது என்று எழுதிக் கொடுத்தார்கள். சுத்தியலை ஒப்படைத்துவிட்டேன். விசாரணை முடியும்வரை ஸ்டோரில் எண்ணெயும் பஞ்சும் எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. இப்போது பரவாயில்லை. ரத்னிக்கு உள்ளதைச் சொல்லிவிட்டோம். என் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பேசுகிறாள்.

உன் படத்தை என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
ருத்ரப்பா


பெங்களூர்
20.12.1987

தீர்த்தரூபரான அண்ணனின் காலில் விழுந்து மங்களா எழுதுவது. உங்கள் உடம்பும் மனசும் தேறியிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உள்ளதை மட்டும் சொல்கிறேன். சட்டை உரசியதல்ல என்று எனக்கு முதல் தடவையே தெரியும். ஃபெலிக்ஸ் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்து, "மங்களா, இது என் மைக் இல்ல. சக்கரம்தான். கேட்டுப் பாரு" என்றான். உன் சட்டைதான் என்று நான் அவனோடு சண்டை போட்டேன். அவன் அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உங்கள் வேலை போய்விடும் என்பது ஒன்றுதான் என் மண்டையில் இருந்தது. அந்தப் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை, அண்ணா. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அந்த வண்டி ஃபிலிம் சுருளில் ஏழு நிமிஷம் வந்து நின்று போய்விட்டது. உங்கள் தந்தியைப் படித்த பிறகுதான் அதில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உறைத்தது. தபாலாபீஸ் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நேற்று படத்தைக் கல்லூரி அரங்கில் திரையிட்டார்கள். நூற்றிருபது பேர் இருப்பார்கள். மாணவர்கள், வாத்தியார்கள், வெளியிலிருந்து வந்த பெரிய மனுஷர்கள். நான் ஒட்டிய துண்டைப் பிய்த்து எடுத்துவிட்டு, பழைய சத்தத்தையே திரும்ப அந்த இடத்தில் வைத்திருந்தேன். வாத்தியாரிடம்கூடச் சொல்லவில்லை. நான்காவது பெட்டி வந்தது. முதல் சக்கரம், இரண்டாவது சக்கரம், மூன்றாவது 'டொக்'. நீங்கள் கோடு போட்டுவிட்டு நகர்ந்தீர்கள். நான் இருட்டில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவர்கூட அசையவில்லை. எல்லாருக்கும் நல்ல காது. பத்தாவது பெட்டி முடிந்ததும் கை தட்டினார்கள்.

விளக்கைப் போட்ட பிறகு, வந்திருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உங்க அண்ணனுக்கு என்ன காதும்மா!" என்று மைக்கில் பாராட்டினார். நான் அந்த மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினேன். முன்கூட்டி நினைத்து வைத்ததல்ல.

"என் அண்ணனுக்குக் காது கேக்காது" என்றேன். "நீங்க இப்ப பாத்ததுல ஒரு சக்கரம் கெட்டது. அவருக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுது. கேட்டும் நான் மறைச்சேன். அந்தப் பெட்டி அதுக்கப்புறம் நாப்பது நாள் ஓடிச்சு."

வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். படத்துக்கு மதிப்பெண் உண்டா, என்னைப் பரீட்சை எழுத விடுவார்களா என்று திங்கட்கிழமைதான் தெரியும். நான் பேசி முடித்ததும் கூட்டத்திலிருந்து யாரோ, எந்தச் சக்கரம் என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை. ஃபெலிக்ஸைப் பார்த்தேன். அவன் எழுந்து போய்ச் சுருளைப் பின்னால் சுற்றி, விளக்கை அணைத்துவிட்டு, நான்காவது பெட்டியிலிருந்து மறுபடியும் ஓட்டினான்.

இரண்டாவது முறை எல்லாருக்கும் கேட்டது, அண்ணா.

வைனிக்கும் ரத்னிக்கும் என் அன்பு.

தங்கை
மங்களா